புள்ளியனின் காற்றுப்பை

மன்னார் வளைகுடாவில், வெளிச்சம் மங்கும் ஆழத்தில், ஒரு பவளப்பாறையின் அடியில் புள்ளியன், வரியாள் என்ற இரண்டு களவா மீன்கள் வசித்தன.

ஒருநாள் காலையில் டால்பின் எனப்படும் ஓங்கில் ஒன்று பாறையருகே பாய்ந்து வந்தது. "மேலே சாளை மீன் கூட்டம் வந்திருக்கிறது. கடலே வெள்ளியாய் மின்னுகிறது. வயிறு முட்டச் சாப்பிடலாம், வாருங்கள்!" என்று சொல்லிவிட்டு ஒரே பாய்ச்சலில் மேலேறி மறைந்தது.

புள்ளியனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "வா வரியாள், நாமும் அப்படியே பாய்வோம்."

"கொஞ்சம் ஏறுவோம், கொஞ்சம் நிற்போம்," என்றது வரியாள். "மேலே போகப் போக நம்மை அழுத்தும் தண்ணீர் குறையும். வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை உப்பும். நின்று நின்று போனால்தான் அது அடங்கும்."

"நீ நின்று வருவதற்குள் ஒரு செதில்கூட மிஞ்சாது," என்று புள்ளியன் வாலை வீசிக் கிளம்பியது.

கருநீலம் பச்சையானது. தலைக்கு மேலே சாளைகள் பளபளவென்று திரும்பின. புள்ளியனுக்கு ஒரே குதூகலம். துடுப்பை அசைக்காமலேயே உடம்பு ஏறியது. "அட, நீந்தவே வேண்டாம் போலிருக்கிறதே!"

ஆனால் சாளைகளின் நடுவே நிற்க நினைத்தபோது நிற்க முடியவில்லை. பை உப்ப உப்ப வேகம் கூடியது. வேகமாய் ஏற ஏறப் பை இன்னும் உப்பியது. கண்கள் பிதுங்கின. கடைசியில் புள்ளியன் மல்லாந்து அலைமேல் மிதந்தது. வானத்தில் ஒரு பருந்து வட்டமிடத் தொடங்கியது.

பாதி வழியில் நின்ற வரியாள் இதைக் கண்டு பதறியது. பாய்ந்து போனால் தனக்கும் அதே கதிதான். இருந்த இடத்திலேயே நின்று கத்தியது: "ஓங்கிலண்ணே, புள்ளியனைக் கீழே தள்ளுங்கள். ஆழத்துக்குத் தள்ளுங்கள்!"

பருந்து கால்களை நீட்டி இறங்கியது. அதற்குள் ஓங்கில் புள்ளியனை மூக்கால் அழுத்திக் கீழே கொண்டுபோனது. ஆழம் கூடக் கூடப் பை சுருங்கியது. துடுப்புகள் மறுபடி சொன்னபடி கேட்டன.

"நீங்கள் மட்டும் எப்படிப் பாய்கிறீர்கள்?" என்று முனகியது புள்ளியன்.

"நான் மேலே இழுத்த மூச்சு கீழே சுருங்குகிறது. திரும்ப ஏறும்போது பழைய அளவுக்குத்தான் விரியும். உன்னுடையது ஆழத்திலேயே நிரம்பிய காற்று அப்பா. மேலே வந்தால் அதற்கு உன் வயிறு போதாது," என்றது ஓங்கில்.

சாளைகள் அன்று மாலைவரை போகவில்லை. வரியாள் நின்று நின்று ஏறிப்போய் வயிறார உண்டது. புள்ளியன் பாறையடியில் வலியோடு கிடந்தது.

அடுத்தவரின் வேகத்தைப் பார்த்துப் பாய்கிறவரைவிட, தன் உடம்பின் அளவறிந்து ஏறுகிறவரே நினைத்த இடத்தை அடைவார்.