வயிறு தந்த மார்பு

“அம்மா, இந்த ஆசையை அறுத்து விடுங்க.”

வந்ததும் வராததுமாகப் பூங்கோதை கேட்டாள். கையிலிருந்த பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

பவானி ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் குருவம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பூங்கோதையைவிட இளையவர். சிஷ்யையை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“எந்த ஆசையக்கா?”

பூங்கோதை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். போன வருஷம் புற்றுநோய்க்காக அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். சிகிச்சையெல்லாம் முடிந்து, கொட்டிய முடியும் திரும்ப வளர்ந்துவிட்டது.

“மறுபடியும் மார்பு வேணும்னு தோணுதுங்கம்மா.”

“டாக்டர் என்ன சொல்றாங்க?”

“சிலிகான் பையெல்லாம் உள்ள வெச்சுக்க எனக்கு இஷ்டமில்லைன்னு சொல்லிட்டேனுங்க. அப்படின்னா அடிவயித்துத் தோலையும் கொழுப்பையும் எடுத்து வெச்சுத் தைக்கலாமாம். முதுகுல இருந்தும் எடுக்கலாமாம். ஒண்ணுமே வேண்டாம்னு நெஞ்சைத் தட்டையாவே விட்டுட்டு நிம்மதியா இருக்கறவங்களும் உண்டாம். உள்ளாடைக்குள்ள திண்டு வெச்சுக்கறவங்களும் உண்டு. எல்லாம் சரிதான், உங்களுக்கு எது வேணுமோ சொல்லுங்கன்னாங்க.”

“எது வேணும்?”

“வயித்துல இருந்து எடுத்து வெக்கறது.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அப்புறமென்ன?”

“இத்தனை வருஷமா உங்க முன்னாடி உக்காந்து, நான் இந்த உடம்பு இல்லை, நான் இந்த உடம்பு இல்லைன்னு சொல்லிட்டிருக்கேனுங்க. பேரன் எடுத்த வயசுல இதெல்லாம் யாருக்குக் காட்டறதுக்குன்னு நாத்தனார் கேக்கறாங்க. அவங்க கேட்டாப் பரவாயில்லை. நானும் அதையேதான் கேக்கறேன். அதனாலதான் சொல்றேன், அறுத்து விடுங்க.”

குருவம்மா கீரையைத் தள்ளி வைத்தார்.

“ஒண்ணை அறுத்தது போதாதாக்கா?”

ஆஸ்பத்திரியில் வராத அழுகை பூங்கோதைக்கு அப்போதுதான் வந்தது. குருவம்மா தடுக்கவில்லை. அழுது முடியும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

“யாருக்கு வேணும்?” என்று பிறகு கேட்டார்.

“எனக்குத்தானுங்க. குளிக்கறப்ப சோப்புப் போடற கை அங்க வந்ததும் நின்னுருது. தினமும் நிக்குது.”

“ம்.”

“ஆனா உடம்பு பொய்யில்லீங்களா, அம்மா?”

குருவம்மா கையை நீட்டி அவளுடைய அடிவயிற்றில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

“ஸ்... வலிக்குதுங்கம்மா.”

“பொய்க்கு வலிக்குமா?”

பூங்கோதை வயிற்றைத் தேய்த்துக்கொண்டே அவரைப் பார்த்தாள். குருவம்மாவின் முகம் சிரிக்காமல்தான் இருந்தது.

“சதை பத்துமான்னு டாக்டர் பாத்தாங்களா?”

“இப்படித்தான் பிடிச்சுப் பாத்தாங்க. தாராளமா இருக்குதுன்னாங்க.”

அதற்குமேல் குருவம்மாவால் முடியவில்லை. இருவரும் சிரித்த சிரிப்பில் ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கோயம்புத்தூரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. காலையில் உள்ளே போனவள் பொழுது சாயத்தான் வெளியே வந்தாள். வயிற்றின் குறுக்கே, இடுப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் தையல். கொஞ்ச நாள் நிமிர முடியாமல், கீழே விழுந்த ஊசியைத் தேடுகிறவளைப்போல நடந்தாள். கணவர் மருதாசலம் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே குனிந்து நடந்தார்.

தைப்பூசத்தன்று பூங்கோதை மடத்துக்கு வந்தாள். நன்றாக நிமிர்ந்து வந்தாள். நாத்தனாரும் உடன் வந்திருந்தார். பந்தியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். குருவம்மாவே பரிமாறிக்கொண்டு வந்தார்.

“எப்படியிருக்குதக்கா?”

“தொட்டா மரத்த மாதிரிதானுங்க இருக்குது. முழுசா உணர்ச்சி வராமலும் போகலாம்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. ஆனா கை வெச்சாச் சூடா இருக்குதுங்கம்மா. என் சூடு.”

“கை நிக்குதா?”

“நிக்கறதில்லீங்க. தாண்டிப் போயிருது.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “ஒரு வேடிக்கை தெரியுங்களா? நான் இளைச்சா இதுவும் இளைக்குமாம். பெருத்தா இதுவும் பெருக்குமாம். வயித்துக் கொழுப்புத்தானே? வீடு மாறினது அதுக்குத் தெரியலையாம்.”

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

“இத்தனை வருஷம் கண்ணை மூடி உக்காந்து கடைசியில இதுதானா வளர்ந்துது?”

பூங்கோதை குருவம்மாவைப் பார்த்தாள்.

குருவம்மா வாளியில் கரண்டியை விட்டு, நெய் ஒழுக ஒழுகச் சர்க்கரைப் பொங்கலை அள்ளிப் பூங்கோதையின் இலையில் வைத்தார்.

“வளரட்டும்.”