காய்ச்சலுக்குக் கஞ்சி

முன்னொரு காலத்தில், ஏட்டைப் பார்த்தே நாட்டை ஆண்ட மன்னர் ஒருவர் இருந்தார். ஊர்களை நேரில் போய்ப் பார்க்கச் சொன்னால் அவருக்குக் கால் வலி வந்துவிடும். ஆண்டுதோறும் சாவு ஏட்டை மட்டும் அவையில் விரித்துப் பார்ப்பார். அதில் முதுமை, காய்ச்சல், பாம்புக்கடி, பசி என்று நான்கு கட்டங்கள். யார் செத்தாலும் இந்த நான்கில் ஒன்றில்தான் பெயர் ஏறவேண்டும்.

நல்ல விளைச்சல் கண்ட ஓர் ஆண்டில் பசிக் கட்டம் காலியாக இருந்தது. அவை விகடகவி குழைக்காதன் சும்மா இருந்தானா? "அரசே, தங்கள் ஆட்சியில் பசியே செத்துப்போயிற்று. செத்தவனுக்கு ஏட்டில் எதற்குக் காலிமனை?" என்றான். மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். அன்றே பசிக் கட்டத்தை எடுத்துவிடச் சொன்னார். அவன் வாயை அடக்கியிருக்கலாம், பாவி, அடக்கவில்லை.

மூன்றாம் ஆண்டு மழை பொய்த்தது. மேற்குச் சீமையில் சாவு குவிந்தது. பசிக்குத்தான் கட்டம் இல்லையே, ஊர்க் கணக்கர்கள் எல்லோரையும் காய்ச்சலில் எழுதினார்கள். அறுநூற்று நாற்பது பெயர்கள். மன்னர் திகைத்துப்போனார். விகடகவிமேல் வெகுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த ஏட்டதிகாரி மழவராயர், இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"அரசே, நம் விகடகவி எல்லாம் தெரிந்தவர். அவரையே அனுப்புங்கள். ஒரு மாதத்தில் காய்ச்சல் சாவு நிற்காவிட்டால் அவர் தலையை வாங்கிவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

"நான் கேட்கும் மருந்தைத் தடையின்றித் தர ஆணை வேண்டும், அரசே" என்றான் குழைக்காதன். முத்திரை ஓலை கிடைத்தது.

கஷாயப் பொடி மூட்டையோடு போனவனை முதல் ஊரிலேயே ஒரு பெண் தடுத்தாள்.

"காச்சலா? எம் புருசன் ஒடம்பு சில்லுன்னுதான்யா இருந்துச்சு. எங்க வீட்டுல பத்து நாளா அடுப்பே எரியல. அவரப் போயி காச்சல்ல எழுதிட்டுப் போனாங்க."

தான் சொன்ன விகடம் எங்கே வந்து நிற்கிறது என்று அப்போதுதான் குழைக்காதனுக்கு விளங்கியது. அரசுக் களஞ்சியத்துக்குப் போய் ஓலையை நீட்டினான்.

"ஐயா, இது நெல்லு!" என்றான் காவலாள்.

"காய்ச்சல் மருந்தப்பா. திற."

ஊருக்கு ஊர் கஞ்சி கொதித்தது. மாதக் கடைசியில் காய்ச்சல் கட்டத்தில் புதிதாக ஒரு பெயர்கூட ஏறவில்லை. மழவராயர் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்த மருந்தைக் காட்டும்" என்றார் மன்னர், அவைக்குத் திரும்பியவனிடம். குழைக்காதன் கலயத்தை நீட்டினான். மன்னர் ஒரு வாய் குடித்தார். "இது வெறும் கஞ்சியல்லவா!" என்று சிரித்தார்.

"கஞ்சி குடித்தால் தீரும் காய்ச்சல் எது, அரசே?"

மன்னரின் சிரிப்பு நின்றது. "என்ன பரிசு வேண்டும், கேளும்" என்றார்.

குழைக்காதன் முத்துமாலையைக் கழற்றி அவர் காலடியில் வைத்தான். "இதை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டத்தைத் திருப்பித் தாருங்கள்."

மன்னர் தந்தார். குழைக்காதன் அங்கேயே உட்கார்ந்து, அந்த அறுநூற்று நாற்பது பெயர்களையும் தன் கையாலேயே பசிக் கட்டத்துக்கு மாற்றத் தொடங்கினான். மறுநாள் மாலை, ஒரு விகடம் கேட்கவேண்டும் என்று மன்னர் ஆளனுப்பினார்.

"இன்னும் எழுதி முடியவில்லை என்று சொல்" என்றான் குழைக்காதன்.