ஆலங்கரை விளக்கும் அரண்மனைக் கல்யாணமும்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நான் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், கோவேந்தன் என்றொரு ராஜா இருந்தார். அவருக்கு ஒரு பைத்தியம். படையெடுத்துப் போன இடங்களிலெல்லாம் அள்ளிக்கொண்டு வந்த அரிய பொருள்களை ஒரு மண்டபத்தில் வரிசையாக வைத்து, தினமும் பார்த்துப் பூரித்துப்போவார். மண்டபத்துக்கு அதிகாரி அகோரமூர்த்தி. அரசவை விதூஷகன் கொண்டையப்பனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் பக்கத்து நாட்டு ஆலங்கரையிலிருந்து அங்காயி என்பவள் சபைக்கு வந்து கும்பிட்டாள்.

"சாமி, எங்க கோயில் குத்துவிளக்கு உங்க மண்டபத்துல நிக்குது. அந்தச் சுடருல காட்டாம எங்க ஊர்ல தாலி கட்ட மாட்டோம். நீங்க எடுத்துட்டு வந்து மூணு வருசம். ஊர்ல ஒரு கல்யாணம் இல்ல. எம் மகளுக்குப் பேசி வச்ச மாப்பிள்ளைக்கு இப்ப வேற பொண்ணு பாக்குறாங்க."

ராஜா தாடையைச் சொறிந்தார். அகோரமூர்த்தி விடுவாரா?

"மன்னா! ஒன்றைக் கொடுத்தால் நாளைக்கு மண்டபமே காலியாகிவிடும். இவர்கள் எண்ணெயும் கரியுமாக விளக்கைப் பாழாக்குவார்கள். இங்கே பத்திரமாக இருக்கிறது. உலகமே வந்து பார்க்கலாம்."

"அவர்கள் பொருள்தானே பிரபு, கொடுத்துவிடலாம்" என்றான் கொண்டையப்பன்.

"அகோரமூர்த்தியே தம் வாயால் கொண்டுபோகச் சொல்லட்டும், தருகிறேன். பத்து நாள் கெடு. தவறினால் உமக்கு இந்தச் சபையில் இடமில்லை" என்றார் ராஜா. அகோரமூர்த்தி மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

"அப்படியே ஆகட்டும். உலகமே பார்க்கலாம் என்றாரே, ஆலங்கரைக்காரர்கள் தங்கள் வழக்கப்படி வந்து பார்க்கலாமா?" என்றான் கொண்டையப்பன்.

"தாராளமாக!" என்று முந்திக்கொண்டார் அகோரமூர்த்தி. பாவம் மனிதர்.

எட்டாம் நாள், அங்காயியின் மகளையும் பேசிவைத்த அந்த மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மேளதாளத்தோடு ஊரே வந்து இறங்கியது. தூண்களில் வாழைமரம் ஏறியது. கல் யானைக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டினார்கள். யாரோ ஒருவர் போர் ஈட்டியில் ஈர வேட்டியைக் காயப்போட்டார். "புகை! புகை!" என்று அகோரமூர்த்தி அங்குமிங்கும் ஓடினார்.

அங்காயி விளக்கை ஏற்றினாள். சத்தம் கேட்டு வந்த ராஜா அப்படியே நின்றுவிட்டார். துடைத்து வைத்த விளக்கைத்தான் அவர் மூன்று வருஷமாகப் பார்த்திருந்தார். அந்த வெளிச்சத்தில் கல்யாணப்பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

தாலி ஏறியது. பந்தியில் தகராறும் ஏறியது. மாப்பிள்ளையின் சித்தப்பா இலையை விட்டு எழுந்து, "பாயசத்துல முந்திரியே இல்ல. தாய்மாமன் வந்து கூப்பிட்டாத்தான் உக்காருவோம்" என்று வாசலில் போய் நின்றுகொண்டார்.

"தாய்மாமன் யார்?" என்றார் ராஜா.

"விளக்கு யாரு பொறுப்புல இருக்கோ அவருதான் சாமி. எங்க ஊர் வழக்கம்" என்றாள் அங்காயி.

எல்லோரும் அகோரமூர்த்தியைப் பார்த்தார்கள். அவர் போய்ச் சித்தப்பாவின் கையைப் பிடித்தார், மோவாயைப் பிடித்தார், கடைசியில் முந்திரியோடு ஒரு கிண்ணத்தையும் பிடித்துக்கொண்டு நின்றார். வியர்த்து விறுவிறுத்துத் திரும்பியவர், "இதோடு முடிந்ததா?" என்றார்.

"எங்கண்ணே? தள்ளிப்போன கல்யாணம் இன்னும் பதினேழு இருக்கு. அப்புறம் வளைகாப்பு, காதுகுத்து. எல்லாத்துக்கும் நீங்கதான முன்ன நிக்கணும்!" என்றாள் அங்காயி.

அகோரமூர்த்தி ராஜாவின் காலில் விழுந்தார். "மன்னா, விளக்கைக் கொண்டுபோகச் சொல்லுங்கள்! இன்றைக்கே!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அங்காயி சுடரைக் குளிரவைத்துவிட்டு விளக்கை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

"பிரபு, அந்த மூலையில் இருக்கும் சூலத்தைப் பார்க்க மேட்டுக்குறிச்சிக்காரர்களும் வர விரும்புகிறார்கள்" என்றான் கொண்டையப்பன்.

"அவர்கள் வழக்கம் என்ன?" அகோரமூர்த்தி ஓர் அடி பின்வாங்கினார்.

"தீமிதி. சூலத்தை வைத்திருப்பவர்தான் முதலில் இறங்க வேண்டுமாம்."

பொழுது சாய்வதற்குள் சூலமும் வண்டியில் ஏறிவிட்டது. அகோரமூர்த்தியே கயிறு கட்டினார்.

ராஜா சிரிப்பு அடங்காமல் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கொண்டையப்பனுக்குப் போட்டார்.

"பயப்படாமல் போட்டுக்கொள்ளும். இது என் அம்மா கொடுத்தது. யாரும் கேட்டு வரமாட்டார்கள்."