சிங்க மார்க் மட்டை

மில் முதலாளி மருதாசலத்துக்குக் கோல்ஃப் ஆட வராது. கோல்ஃப் மட்டை வாங்க மட்டும் பிரமாதமாக வரும். அதுவும் சிங்க மார்க் மட்டைதான். வேறு கம்பெனி மட்டையைக் கண்டால் சாணியை மிதித்தவர் மாதிரி முகம் சுளிப்பார்.

கோயமுத்தூர் மைதானத்தில் அவருடைய மட்டைப் பையைச் சுமப்பவள் துளசாமணி. அன்றைக்கு அவள், "பதினாலு மட்டைங்க ஐயா, பை கனக்குதுங்க" என்றாள்.

"சிங்க மார்க் பை கனக்குமா? பூ மாதிரி இருக்கும். நட!"

முதல் அடியிலேயே பந்து குட்டைக்குள் விழுந்தது. முதலாளி துளசாமணி மேல் பாய்ந்தார்.

"எவன் மட்டையையோ கொண்டாந்து சொருகிட்டே! கண்ணைக் கட்டிக்கிட்டுத் தொட்டாலே என் மட்டை எனக்குத் தெரியும். சரியாச் சொல்லிட்டேன்னா, நீ இனி இந்தப் பக்கமே வரக் கூடாது!"

"தப்பாச் சொன்னீங்கன்னா இன்னிக்குப் பூராப் பையை நீங்க சுமக்கோணுங்க."

கூட ஆடியவர்கள் கூடி நின்றார்கள். துளசாமணி துண்டால் அவர் கண்ணைக் கட்டி, ஒரு மட்டையைக் கையில் கொடுத்தாள்.

"ஆஹா, வெண்ணெய்! இது சிங்கம்."

வாங்கிக்கொண்டு மறுபடி கொடுத்தாள்.

"சீ, தகரம்! இதுதான் நீ சொருகினது."

மூன்றாம் முறை கொடுத்தாள்.

"சிங்கமேதான்!"

கட்டை அவிழ்த்தாள். மூன்று தடவையும் கொடுத்தது ஒரே மட்டை. பந்தைக் குட்டையில் தள்ளிய அதே சிங்க மார்க்! மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது.

ஏழாவது குழிக்குப் போகும் மேட்டில் முதலாளிக்கு மூச்சு வாங்கியது. "அம்மா துளசாமணி, தோள் கழண்டுரும் போல இருக்கே!"

கையை வீசிக்கொண்டு வந்த துளசாமணி சொன்னாள்: "சிங்க மார்க் பை கனக்காதுங்களே ஐயா. வேற கம்பெனிப் பையோ என்னமோ, கண்ணைக் கட்டிப் பாத்துரலாமுங்களா?"