எதுக்குன்னு கேட்ட கிராதி

கிணறு ஒன்று, தன் வாய்க்கு ஒரு மூடி வேண்டும் என்று ஒரு நாள் விரும்பியது.

அதுவரை அதற்கு அப்படியொரு நினைப்பே வந்ததில்லை. திறந்த வாயோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதுதான் கிணற்றுக்கு அழகு என்று இருந்துவிட்டது. பக்கத்துக் கட்டடத்துக்கு அங்கன்வாடி வந்தபிறகுதான் தொல்லை. நடக்கச் சொன்னால் ஓடுகிற பிள்ளைகள். கிணற்றுச் சுவரோ அவர்கள் இடுப்பு உயரம். மாசானம் என்று நாலு வயசுப் பொடியன் ஒருவன், சுவர்மேல் வயிற்றை வைத்துக் கவிழ்ந்து, "ஏ கிணறே" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். கிணறு எதிரொலியைத் தொண்டையிலேயே அமுக்கிக்கொண்டது. பதில் கேட்டால் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்ப்பானே.

ஆயா குருவம்மா ஓடிவந்து அவன் டவுசரைப் பிடித்து இழுத்தாள். "பாழாப்போன கிணறு. என்னைக்காவது ஒரு பிள்ளையை முழுங்கிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் சொல் கிணற்றின் அடிமணலில் போய்த் தங்கிவிட்டது.

"ஏலே கப்பி, கேட்டியா?" என்றது கிணறு. தலைக்கு மேலே, வாளிக் கயிறு ஓடும் சக்கரமாகத் தொங்கிய கப்பிதான் அதற்கிருந்த ஒரே பேச்சுத் துணை. "இந்தத் தெருவே என் தண்ணியைத்தான் குடிக்குது. ஒரு பிள்ளை எனக்குள்ள விழுந்து செத்துச்சுன்னா, அதுக்குப் பிறகு நான் கிணறு இல்லலே. வெறும் குழி."

"நான் போய் நல்ல மூடியா வாங்கியாரேன், அண்ணாச்சி."

"அளவு பிசகக் கூடாது. என்னை வட்டம் பிசகாம கட்டியிருக்கான் கொத்தன். மூடியும் அப்படியே இருக்கணும்."

கப்பி ஒரு நூலை எடுத்தது. தொங்குகிற இடத்திலிருந்து குனிந்து, கண்ணுக்குத் தெரிந்த வட்டத்தைக் குறுக்கே அளந்து முடிச்சுப் போட்டது. பிறகு கொக்கியிலிருந்து கழன்று, கடைத்தெருவை நோக்கி உருண்டது.

மூடிக்கடைத் தெருவில் பலகை, தகரம், சிமெண்டு, பிளாஸ்டிக் என்று எல்லா மூடிகளும் வரிசையாக நின்று கூவிக்கொண்டிருந்தன. "வாங்க அண்ணே, அளவைச் சொல்லுங்க, அளவை மட்டும் சொல்லுங்க."

"ஒரு கிணத்துக்கு வேணும். பக்கத்துல சின்னப் பிள்ளைங்க..." என்று கப்பி ஆரம்பித்தது.

அவ்வளவுதான். மூடிகள் எல்லாம் சட்டென்று பஞ்சை எடுத்துக் காதில் திணித்துக்கொண்டன.

அந்தத் தெருவின் வழக்கம் அது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. எப்போதோ அங்கே கடை போட்டிருந்த ஒரு கயிறு, 'பள்ளத்தில் விழுந்த சினை எருமையைத் தூக்கணும்' என்று ஒருத்தர் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அவர் கேட்ட கனத்திலேயே போனது. பாதி தூக்கும்போது அறுந்தது. பஞ்சாயத்தில் கயிறு அழுதது. "அவர் கேட்ட கனம், கேட்ட நீளம். முறுக்குன கைகூடக் கவனமாத்தான் முறுக்குச்சு" என்றது. பஞ்சாயத்துத் தராசு ஒரே கேள்விதான் கேட்டது: "எருமைன்னு சொன்னது உன் காதுல விழுந்துச்சா?" விழுந்தது என்று கயிறு ஒத்துக்கொண்டது. "அளவை மட்டும் கேட்டிருந்தா, அளவுக்குத்தான் நீ பொறுப்பு. எருமையைக் கேட்டுட்டு வந்த. அதனால எருமைக்கு நீதான் பொறுப்பு" என்று தீர்ப்பாயிற்று. அன்றைக்கு மறுநாளே தெரு முழுக்கப் பஞ்சு வியாபாரம் சூடு பிடித்தது.

கப்பிக்கு இந்தக் கதை தெரியாது. நூலைக் காட்டியது. பஞ்சுகள் இறங்கின. பாலீஷ் போட்ட தேக்குப் பலகை மூடி முன்னால் வந்து, நூலைத் தன் மார்பில் வைத்துப் பார்த்துக்கொண்டது. "எனக்குன்னே எடுத்த அளவு" என்றது.

உண்மைதான். கிணற்று வாயில் அது போய் உட்கார்ந்தபோது, குப்பியில் தக்கை இறங்கிய மாதிரி இருந்தது. கிணற்றுக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தியாலே, நகம் நுழைய இடமில்லை" என்றது உள்ளிருந்து.

நாலு நாள் நல்ல வெயில் அடித்தது. பலகை காய்ந்து கொஞ்சம் சுருங்கியது. குருவம்மாவின் வெள்ளாடு முருங்கைக் கொப்பை எட்டுவதற்காக அதன்மேல் தாவி ஏறியது. ஆடும் மூடியும் ஒன்றாகவே உள்ளே போயின.

தெருவே கூடி, கூடையை இறக்கி ஆட்டை உயிரோடு தூக்கிவிட்டார்கள். குருவம்மா ஆட்டைக் கட்டிக்கொண்டு, கிணற்றைப் பார்க்காமலே நின்றாள். "ஆடாப் போச்சு" என்றாள். "நாளைக்கு எந்தப் பிள்ளையோ. இதைத் தூர்த்துருங்கய்யா."

கிணற்றுக்கு நீரெல்லாம் சில்லிட்டது. மிதந்துகொண்டிருந்த பலகை மூடி மட்டும் அமைதியாகச் சொன்னது: "நான் அளவுல தவறலை."

கப்பி மறுபடி உருண்டது. இந்தமுறை அதன் கிறீச்சு அழுகை மாதிரி இருந்தது. ஆடு விழுந்த கதையைக் கேட்டு மூடிகள் சிரித்தன. "என்ன கேட்டீங்க, அளவு. என்ன கொடுத்தோம், அளவு. ஆடு குதிக்கும்னு எங்களுக்கு ஜோசியமா தெரியும்?"

"நான் சொல்ல வந்தேனே. நீங்கதான் காதை அடைச்சிக்கிட்டீங்க."

"அதான் சொல்றோம். எங்களுக்குத் தெரியாது."

தெருவின் கடைசியில், சுவரில் சாய்ந்து, ஒரு இரும்புக் கிராதி நின்றிருந்தது. பழைய கம்பிகள். அங்கங்கே துரு. அதை யாரும் கூவி விற்கவில்லை, அதுவும் கூவவில்லை. அதன் காதில் பஞ்சு இல்லை. கப்பி அதைத் தாண்டி உருளும்போது, "எதுக்கு வேணும், அண்ணே?" என்றது.

கப்பி நின்றுவிட்டது. இந்தத் தெருவில் அதுவரை கேட்காத கேள்வி. மாசானத்தில் ஆரம்பித்து ஆடு வரைக்கும் கொட்டித் தீர்த்தது. கிராதி குறுக்கே பேசாமல் கேட்டது. கேட்கக் கேட்க அதன் கம்பிகளில் ஒரு நடுக்கம் ஓடியது.

"மேல ஏறி நிப்பாங்களா?"

"நிக்கவா? குதிப்பாங்க தம்பி. எல்லாரும் சேர்ந்து குதிப்பாங்க. கடைசியா இறங்குறது மாசானமாத்தான் இருக்கும்."

"தண்ணியும் இறைக்கணும்ல?"

"இறைக்கலைன்னா நான் எதுக்கு?"

கிராதி நூலை வாங்கிப் பார்த்தது. "இது உள்வட்டமா, வெளிவட்டமா?"

கப்பி முழித்தது. பிறந்ததிலிருந்து அது கிணற்றுக்கு நேர்மேலே தொங்கியே பழக்கம். "கிணத்துக்கு வெளின்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டது.

கிராதி சிரிக்கவில்லை. "உங்க அளவுக்கும் உங்க தேவைக்கும் ஒத்துப்போகலை, அண்ணே. இந்த அளவுக்கு எது வந்தாலும் ஒருநாள் உள்ளதான் போகும். அளவுதான் முக்கியம்னா இங்க யாரை வேணாலும் கூட்டிட்டுப் போங்க. பிள்ளைங்கதான் முக்கியம்னா, இந்த நூலை இங்கயே போட்டுட்டுப் போகணும்."

"அளவு பிசகக் கூடாதுன்னு அண்ணாச்சி சொல்லியிருக்காரே."

"அவரு எதுக்குப் பயந்து மூடி கேட்டாரு?"

 கப்பி நூலைக் கீழே போட்டது.

"ஆனா இப்ப இருக்கிறபடி நானும் ஆக மாட்டேன்" என்றது கிராதி. "சின்னக் கால் நுழையுற இடைவெளி இருக்கு." தெருமுனையிலிருந்தே கிணற்றின் வெளிச்சுவரைக் கண்ணால் அளந்துகொண்டு, வெல்டிங் பட்டறைக்குப் போய் நெருப்பின் முன்னால் படுத்துக்கொண்டது. குறுக்குக் கம்பிகள் நெருக்கமாக விழுந்தன. கிணற்றுச் சுவரைத் தாண்டி வெளியே கவ்விப் பிடிக்க நாலு கொக்கிக் கால்கள். நடுவில் வாளி போகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு, கொண்டியோடு. ஒவ்வொரு பொறியும் தெறித்தபோது கப்பி முகத்தைத் திருப்பிக்கொண்டது. 

திரும்பி வரும்போது மூடிகள் வழிமறித்தன. "ஏய் துரு, பஞ்சு வைக்க மறந்துட்டியா? எல்லாத்தையும் காதுல வாங்கிட்டு இல்ல போற. இனி அங்க என்ன நடந்தாலும் உன் தலைதான்."

"ஆமா" என்றது கிராதி.

"கவனமாத்தான் செஞ்சேன்னு சொல்லித் தப்பிக்கக்கூட முடியாதுடே."

"விழுந்த பிள்ளைகிட்டப் போய் அதைச் சொல்லவா?" என்று கேட்டுவிட்டு அது நடந்தது.

கிணறு அதைப் பார்த்ததும் முகம் சுளித்தது. "என்னலே இது, என் தலைக்கு ஒவ்வாத தொப்பி. நான் கொடுத்த அளவு எங்க?"

"கடையில போட்டுட்டேன், அண்ணாச்சி" என்றது கப்பி, மெதுவாக.

கிராதி சுவர்மேல் ஏறி, நாலு கால்களையும் வெளியே இறக்கிக் கவ்விக்கொண்டது.

அன்று சத்துணவு முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். மாசானம் புதுசைப் பார்த்தான். ஏறினான். கையைத் தட்டி மற்றவர்களையும் கூப்பிட்டான். குருவம்மா கரண்டியும் கையுமாக ஓடிவருவதற்குள் எல்லாரும் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். டங்கு டங்கென்று தெருவே அதிர்ந்தது. கப்பி கண்ணை மூடிக்கொண்டது. கிணறு மூச்சை அடக்கியது.

குருவம்மா மூச்சிரைக்க வந்து நின்றாள். கிராதியை ஒரு காலால் மிதித்துப் பார்த்தாள். இரண்டு காலாலும் நின்று பார்த்தாள். பிறகு, தன் முழுப் பாரத்தையும் போட்டு, பிள்ளைகளுக்கு நடுவில் அதன்மேலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஏ மாசானம், போய் ஒரு செம்பு எடுத்துட்டு வா" என்றாள். "இந்தத் தண்ணியைக் குடிச்சு நாளாச்சு."

 கிணற்றின் அடியில் எங்கோ ஒரு ஊற்று குமிழிட்டது.

பிள்ளைகள் போனபிறகு கப்பி கேட்டது: "அத்தனை பேரும் குதிச்சப்ப உனக்குப் பயமா இல்லையா, தம்பி?"

"பயந்தேன் அண்ணே" என்றது கிராதி. "கடையில வச்சு நீங்க சொன்னீங்களே, அப்ப."