எல்மரோட வலது கை

ராஜா கதை வேணாமா? நரி கதையும் வேணாமா? பேஸ்பால் கதைதான் வேணுமாக்கும்! உங்கப்பனை நான் தூங்க வச்ச காலத்துல ஒத்தை நரியை வச்சே ஒரு வருஷம் ஓட்டினேன்டி. அமெரிக்காவுல பொறந்த மருமக வாய்ச்சா அத்தைக்கு இந்தக் கதிதான். சரி, போர்வையை இழுத்துக்க. காலை ஆட்டாத. நான் நிறுத்துற எடத்துல "ம்" சொல்லணும், இல்லைன்னா எந்திரிச்சுப் போயிடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு கை இருந்துச்சாம். ஆமாடி, கைதான். வலது கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரன் பேரு எல்மர். அந்த ஊரு பேஸ்பால் டீமுக்கு நாரைகள்னு பேரு. சம்பளம் குடுத்து ஆட வைக்கிற டீமு, சும்மா பொழுதுபோக்கு இல்ல. எல்மர்தான் பந்து எறியிறவன். கையைச் சுத்தி விட்டான்னா விர்ர்ர்ருன்னு போகும். மட்டையோட நிக்கிறவன் கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள அவனுக்குப் பின்னால பளீர்னு சத்தம் கேக்கும். அங்க குத்தவச்சுப் பந்தைப் பிடிக்கிறவன் ரூஃபஸ். எல்மரும் ரூஃபஸும் ஒரே ரூம்ல தங்கி, ஒரே தட்டுல திம்பானுங்க. எல்மருக்குப் பல்லு வலின்னா அவன் சொல்றதுக்கு முன்னாடி ரூஃபஸுக்குத் தெரிஞ்சுடும். அப்படி ஒரு சிநேகம். ம் சொல்லு.

அப்புறம், ஒரு நாள் பெரிய மேட்சு. ஊரே மைதானத்துல கெடக்கு. பெரிய நகரத்து டீம்லேருந்து ஒரு ஆளு வேற வந்து உக்காந்திருக்கான், எல்மரைக் கூட்டிட்டுப் போகலாமான்னு பாக்க. எல்மர் எறியிறான். விர்ர்ர், பளீர்! விர்ர்ர், பளீர்! ஆட்டத்துக்கு மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ், அதுல ஆறு முடிஞ்சு போச்சு, எதிர் டீமுல ஒருத்தனும் உருப்படியா ஒரு அடி அடிக்கலை. ஒன்பது முடியிற வரைக்கும் இப்படியே எறிஞ்சுட்டா, அவன் பேரை ஊரு மறக்கவே மறக்காது.

ஆனா இந்த பேஸ்பால்காரங்களுக்கு ஒரு கிறுக்குப் பழக்கம். ஒருத்தன் இப்படி எறிஞ்சுட்டு இருக்கப்போ அவன்கூட யாரும் பேசப்படாது. பேசினா அதிர்ஷ்டம் ஓடிப் போயிடுமாம். பக்கத்துல போய் உக்காரக்கூட மாட்டாங்க. நம்ம ஊர்ல வெளிய கெளம்புறவங்களை "எங்க போற"ன்னு கேட்டா வாங்கிக் கட்டிக்குவோமே, அந்த மாதிரி. எல்லாரும் வாயை மூடிட்டானுங்க. ரூஃபஸும்தான்.

அப்போ ஏழாவது இன்னிங்ஸ். எல்மர் எறிஞ்சான். பளீர்னு கேக்கணும்ல? கேக்கலை. பொத்! ரூஃபஸ் பந்தை ஒரு தடவை பாத்தான். நிமிர்ந்து பாத்தா, எல்மர் தோளை மெதுவா ஒரு உருட்டு உருட்டுறான். வலிக்குதுடா இவனுக்குன்னு ரூஃபஸுக்குப் புரிஞ்சு போச்சு. கேக்கலாம்னு வாயெடுத்தான். "நான் கேட்டு, அடுத்த பந்தை எவனாவது அடிச்சுட்டான்னா? ஊரு என்னைச் சும்மா விடுமா? எல்மரே என் மொகத்துல முழிப்பானா?" அப்படின்னு யோசிச்சு வாயை மூடிக்கிட்டான்.

அப்புறம் எட்டாவது. அதை முடிச்சுட்டு எல்மர் வந்து பெஞ்சு ஓரத்துல தன்னந்தனியா உக்காந்தான். தண்ணி டம்ளரை இடது கையால எடுத்தான். வலது கையாலதான் எல்லாம் செய்யிறவன்டி அவன்! ரூஃபஸால தாங்க முடியலை, எந்திரிச்சு ரெண்டு எட்டு வச்சான். உடனே அந்தப் பக்கத்துலேருந்து டீமை நடத்துற மேனேஜரு, "ஸ்ஸ்ஸ்!" பூனையை வெரட்டுற மாதிரி. ரூஃபஸ் போய் உக்காந்துட்டான். ம்?

என்ன கேக்குற? வலிக்குதுன்னு எல்மரே ஏன் சொல்லலைன்னா? எனக்கும் அதான்டி ஆத்திரம்! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தான்? ஆனா மைதானம் பூரா கைதட்டிட்டு இருக்கப்போ, என்னால முடியலைன்னு தானா சொல்ல எவனுக்கு மனசு வரும், சொல்லு. ஒருத்தன் கேட்டாத்தானே சொல்ல முடியும்.

அப்புறம் ஒன்பதாவது. இன்னும் ஒரே ஒரு ஆளு அவுட்டாகணும். அப்போ ரூஃபஸ் எந்திரிச்சான். பிடிக்கிறவன் நடுவுல போய் எறியிறவன்கூடப் பேசலாம், ஆட்டத்துலயே அதுக்கு எடம் இருக்கு. தொம்மு தொம்முனு நடந்து போனான். ரெண்டு பேரும் மொகத்துக்கு மொகம் நிக்கிறாங்க. எல்மருக்கு வேர்த்துக் கொட்டுது. அவன் வேற எங்கயும் பாக்கலை, ரூஃபஸோட வாயையே பாத்துட்டு நிக்கிறான்.

ரூஃபஸ் பந்தைக் கால்சட்டையில துடைச்சான். எல்மர் கையில வச்சான். திரும்பி நடந்தான். பாவிப்பய! அங்க நான் இருந்திருந்தா முதுகுல ஒண்ணு வச்சிருப்பேன்.

எல்மர் பல்லைக் கடிச்சுக்கிட்டு எறிஞ்சான். விர்ர்ர்... மட்டைக்காரன் வீசினான், படலை. அவுட்டு! ஹோன்னு ஊரே எந்திரிச்சுக் கத்துது. எல்மரைத் தோள்ல தூக்கிட்டாங்க. "கையாட்டுடா, கையாட்டுடா"ங்கிறாங்க. அவன் இடது கையை ஆட்டுறான். வலது கை சும்மா தொங்குது.

உள்ள போனதும் அவனால சட்டைப் பொத்தானைக் கழட்ட முடியலை. ரூஃபஸ்தான் கழட்டி விட்டான். அப்போ கேட்டான், "கை வலிக்குதாடா?"

எல்மர் சொன்னான், "ஏழாவதுலயே வலிச்சுதுடா. நீ கேப்பேன்னு பாத்துட்டே இருந்தேன்."

அவ்வளவுதான், தங்கம். டாக்டர் வந்து பாத்தாரு. தோளுக்குள்ள அறுந்து போச்சாம். வலிச்சப்பவே நிறுத்தியிருந்தா ஒரு மாசத்துல சரியாயிருக்கும்னாரு. அந்த நகரத்து ஆளு வேற ஊரைப் பாத்துப் போயிட்டான். எல்மர் அதுக்கப்புறம் ஒரு பந்துகூட எறியலை, ஒரு கடையில ஆணி நிறுத்துக் குடுக்கிற வேலைக்குப் போனான். ரூஃபஸ் இன்னும் பல வருஷம் ஆடினான். எவன் எறிய வந்தாலும் தொணதொணன்னு "வலிக்குதா, வலிக்குதா"ன்னு கேட்டு உயிரை எடுப்பானாம். பழக்கமாவது மண்ணாவதுன்னு கேட்டுட்டே இருப்பானாம். எல்மருக்கு அதுல என்ன பிரயோஜனம்?

ம் சொல்லுடி. மெதுவாச் சொன்னாப் போதும்.

அப்புறம் ரெண்டு பேருக்கும் தலை நரைச்சுப் போச்சு. ஒரு நாள் ரூஃபஸ் அந்தக் கடைக்குப் போய் நின்னான். ரொம்ப நேரம் ஆணியைப் பொறுக்கிற மாதிரி பொறுக்கிட்டு, கடைசியில, "அன்னைக்கு நான் கேட்டிருக்கணும்டா"ன்னான்.

எல்மர் சிரிச்சான். "அட போடா! நீ கேட்டிருந்தாலும் இல்லன்னுதான் சொல்லியிருப்பேன்."

பொய்யிடி. பச்சைப் பொய். அது பொய்யின்னு ரெண்டு பேருக்கும் தெரியும். சிநேகிதன் இனிமேலாவது நிம்மதியா இருக்கட்டும்னு சொன்ன பொய். ரூஃபஸும் நம்பின மாதிரி தலையை ஆட்டிட்டு வெளிய வந்தான். வந்து, கார் கதவைப் பிடிச்சுக்கிட்டு சின்னப் புள்ளையாட்டம் அழுதானாம்.

ஏய், "ம்" எங்க? போச்சா... சரி சரி. கதையும் கண்ணை மூடிருச்சு, நீயும் தூங்கு சாமி.