பொட்டு வைத்த பெட்டி

கல்யாண வீடியோ எடிட் செய்கிற வடிவு, தன் முதல் கம்ப்யூட்டரை உதிரி பாகங்கள் வாங்கித் தானே பூட்டக் கிளம்பினாள். "மெமரி நிறைய, கலர் லைட்டு வேண்டாம்" என்று சீட்டெழுதிக்கொண்டு திருநெல்வேலியில் ஒரு கடைக்குப் போனாள். முதலாளி சங்கரபாண்டி சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒனக்கு என்னம்மா தெரியும்? இந்த மாதிரி மின்னுற கண்ணாடிப் பெட்டி இல்லாம வீடியோ வேலை ஓடாது. மின்னாம ஓடுற பெட்டி ஒண்ணைக் காட்டு, நீ கேட்டதை என் கையாலயே மாட்டித் தாரேன்!"

சுவர் டிவியில் கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மேஜைக்கடியில் மினுக்கே இல்லாத ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர் பெட்டி.

"அண்ணாச்சி, அந்த விளம்பரத்தை எதுல எடிட் பண்ணுனிய? ஆயுத பூஜைக்கு வச்ச பொட்டு, மின்னுற பெட்டி ஒண்ணுலயும் இல்ல. மேஜைக்கடியில இருக்கிற கறுப்புப் பெட்டிக்கு மட்டும் வச்சிருக்கியளே?"

கடையே சிரித்தது. அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அந்தச் சீட்டை இங்க கொடு தாயி. " என்றவர் கடைப் பையன் பக்கம் திரும்பினார். "ஸ்க்ரூடிரைவர் எங்கடே?"